அப்பாவைப் பேரரசராக்கிய மகன்: ஜோங்ஷியாங் போக ஒரு வழிகாட்டி

சீனாவில் பேரரசர் கல்லறை பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், பெய்ஜிங்குக்கு வடக்கே இருக்கும், மிங் அரச குலத்தின் 13 கல்லறைகளைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே போவதில் தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு கல்லறையை, அதன் கதை தெரிந்து, நிதானமாக நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் ஜோங்ஷியாங்குக்குத்தான் அனுப்புவேன். ஹூபெய் மாகாணத்தின் நடுவில், ஹான் ஆற்றை ஒட்டிய ஊர். வூஹான் நகரத்திலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். சீனக் கணக்கில் இது சின்ன ஊர். ஊருக்கு வெளியே குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஷியான்லிங் கல்லறை 2000-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாள்கூட அரியணையில் உட்கார்ந்ததில்லை.

முதல் முறையாகச் சீனா போகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வரிசைப்படி போகலாம்.

முதலில் கதை

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துக்கொள்ளுங்கள். கதை தெரியாமல் போனால் ஷியான்லிங் வெறும் மதிலும் மண்மேடுமாகத்தான் தெரியும்.

1521-ல் மிங் பேரரசர் ஜெங்தே பிள்ளையில்லாமல் இறந்துபோனார். அடுத்த வாரிசு யார் என்று தேடியபோது கிடைத்தவர் அவருடைய சித்தப்பா மகன். அந்தச் சித்தப்பாவுக்கு ஷிங் இளவரசர் என்று பட்டம். இப்போதைய ஜோங்ஷியாங்தான் அவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர். அவரும் 1519-லேயே காலமாகி, இளவரசருக்கு உரிய அளவில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். மகன் 1507-ல் இதே ஊரில் பிறந்தவன். பதினான்கு வயதுகூட நிரம்பாத அந்தப் பையன்தான் பெய்ஜிங் போய் ஜியாஜிங் பேரரசர் ஆனான்.

போன கையோடு தகராறு. மூத்த அமைச்சர் யாங் திங்ஹே தலைமையில் அரசவை ஒரு நிபந்தனை வைத்தது. நீங்கள் ஜெங்தேயின் அப்பாவான பேரரசர் ஹோங்ஜியின் மகனாகத் தத்துப் போக வேண்டும், அவரைத்தான் அப்பா என்று அழைக்க வேண்டும், பெற்ற அப்பாவை இனிமேல் சித்தப்பா என்றுதான் சொல்ல வேண்டும். பரம்பரை அறுந்துபோகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. பையன் ஒப்புக்கொள்ளவில்லை. என் அப்பா என் அப்பாதான் என்று நின்றான். மூன்று வருஷம் இழுத்தது இந்தச் சண்டை. 1524-ல் இருநூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் அரண்மனை வாசலில் மண்டியிட்டு அழுது எதிர்ப்புக் காட்டினார்கள். பேரரசர் அவர்களைப் பிடித்துத் தடியால் அடிக்க உத்தரவிட்டார். அடி தாங்காமல் பதினாறு பேராவது செத்தார்கள்.

கடைசியில் இறந்த அப்பாவுக்குப் பேரரசர் பட்டம் சூட்டப்பட்டது. பட்டம் வந்ததும் கல்லறையும் பேரரசருக்கு ஏற்றதாக வளர வேண்டுமே! 1519-ல் இளவரசர் சமாதியாகத் தொடங்கிய வேலை, 1566 வரை விட்டு விட்டு நடந்துகொண்டே இருந்தது. நாற்பத்தேழு வருஷம். ஊருக்கு ஜோங்ஷியாங் என்ற பெயரே 1531-ல் ஜியாஜிங் வைத்ததுதான்; மங்கலம் வந்து குவியும் இடம் என்று பொருள். அங்கே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கல்லும் "இவர்தான் என் அப்பா" என்று ஒரு மகன் திரும்பத் திரும்பச் சொன்ன பதில். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

விசா, பணம், போன்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

பணத்தை விட முக்கியம் போன். கிளம்பும் முன் உங்கள் ஊரிலேயே அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் செயலிகள் இரண்டையும் இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்த்து, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் செலவு செய்தால் கூடுதல் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். தெருவோரக் காய்கறிக்காரர்கூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். ஆனாலும் சில நூறு யுவான் நோட்டாகப் பையில் இருக்கட்டும். சின்ன ஊரில் வெளிநாட்டு அட்டை எந்த நேரத்தில் முரண்டு பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது. உங்கள் நாட்டு சிம்மின் ரோமிங் அல்லது பயண இ-சிம் போட்டுக்கொண்டால் திறக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

வரைபடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஷியான்லிங் என்று ஆங்கில எழுத்தில் தேடினால் பெய்ஜிங் பக்கத்தில் இன்னொரு ஷியான்லிங் வந்து நிற்கும். அதுவும் மிங் கல்லறைதான், 13 கல்லறைகளில் ஒன்று, ஹோங்ஷி பேரரசருடையது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று. சீன எழுத்திலும் உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்திலும் வேறு வேறு. அதனால் ஜோங்ஷியாங் என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்தே தேடி, சரியான சீன எழுத்துப் பெயரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் காட்டவும் அதுதான் உதவும்.

எப்போது போவது

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை, இல்லாவிட்டால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. ஹூபெய் கோடை நம் சித்திரை வெயிலுக்குக் குறைந்ததல்ல, அதோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வட சீனாவில் இருப்பதுபோல வீடுகளுக்குப் பொதுச் சூடேற்றும் குழாய் இந்தப் பகுதியில் கிடையாது. ஈரக்குளிர் எலும்புக்குள் போகும். அக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை, சீனப் புத்தாண்டு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் நாடே ரயிலில் இருக்கும்.

வூஹான் வழியாக

சென்னை, கொழும்பு பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது ஹாங்காங்கில் மாறி வூஹானில் இறங்குவது வசதி. வூஹானில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

வூஹானில் பெரிய ரயில் நிலையங்கள் பல. அவற்றில் ஹான்கோ, வூசாங், வூஹான் மூன்றும்தான் புதியவர்களைக் குழப்பும். யாங்சி ஆற்றின் இரண்டு பக்கமுமாக, ஒன்றுக்கொன்று ரொம்ப தூரத்தில் இருக்கின்றன. ஜோங்ஷியாங் ரயில் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே அறை எடுங்கள். 12306 என்ற அரசு ரயில்வே செயலியில் ஆங்கிலம் உண்டு. பாஸ்போர்ட்டைப் பதிந்து சரிபார்க்க ஓரிரு நாள் ஆகலாம், அதனால் முதலிலேயே செய்யுங்கள். முன்பதிவு 15 நாளுக்கு முன் திறக்கும். தனியாகக் காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு உங்கள் பாஸ்போர்ட்டை ஏற்காவிட்டால் பதறாமல், ஆள் நிற்கும் ஓரத்து வழிக்குப் போய் நீட்டுங்கள்.

ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் பேருந்தும் உண்டு. மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம்

வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும். விடுதியே செய்துவிடும். சிக்கல் என்னவென்றால், சின்ன ஊர்களில் சில விடுதிக்காரர்களுக்கு அதை எப்படிச் செய்வது என்றே தெரியாது. நான் முதலில் போன விடுதியில் முன்பதிவு இருந்தும், வரவேற்பிலிருந்த பெண் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ராத்திரி ஒன்பது மணி. அவரே அடுத்த தெருவில் இருந்த பெரிய விடுதிக்குப் போன் போட்டுப் பேசி, என் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். அதனால் பெரிய விடுதியாகப் பாருங்கள், முன்பதிவு செய்த மறுநாளே "வெளிநாட்டு பாஸ்போர்ட் பதிவு செய்வீர்களா" என்று சீன மொழியில் ஒரு செய்தி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ராத்திரி போதும். ஒரே நாளில் வூஹானிலிருந்து வந்து திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கல்லறையை ஓடிப்போய்ப் பார்ப்பதற்கு அத்தனை தூரம் வர வேண்டியதில்லை.

கல்லறைக்குள்

ஊரிலிருந்து வடகிழக்கே ஏழெட்டுக் கிலோமீட்டர். அலிபேக்குள் இருக்கும் டீடீ என்ற டாக்சிச் சேவையில் வண்டியைக் கூப்பிட்டால் வந்துவிடும். காலையில் வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். பாஸ்போர்ட், தண்ணீர், தேய்ந்து பழகிய செருப்பு அல்லது ஷூ, கைக்குட்டைக் காகிதம் நான்கும் கையில் இருக்கட்டும். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டிய ஒன்று: நிலத்தடி அறைக்குள் போக முடியாது. பெய்ஜிங்கின் திங்லிங் கல்லறையில் படியிறங்கி உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இங்கேயும் அதையே எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறார்கள். ஷியான்லிங்கின் அறைகள் தோண்டப்படவே இல்லை. அதை நான் இந்த இடத்தின் பெருமை என்றுதான் சொல்வேன்.

நுழைந்ததும் வெளி மதிலைக் கவனியுங்கள். சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். சதுரமாக, நேராகப் போகாமல் மலைச்சரிவோடு ஏறி இறங்கி, மொத்தமாகப் பார்த்தால் ஒரு பூச்சாடி வடிவத்தில் வளைகிறது. உள்ளே ஒரு நீரோடை. ஒன்பது வளைவு ஓடை என்று பெயர். மலையிலிருந்து வரும் தண்ணீரை நேராக ஓடவிடாமல், நடைபாதைக்குக் குறுக்கே வளைத்து வளைத்து விட்டிருக்கிறார்கள். நீங்கள் போகப் போக அதன் மேல் கட்டிய கல்பாலங்களைத் திரும்பத் திரும்பக் கடப்பீர்கள். மழைநாளில் இந்த ஓடைதான் முழு வளாகத்தையும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறது.

பிறகு ஆன்மப் பாதை. இருபுறமும் கல்சிங்கம், ஒட்டகம், யானை, குதிரை என்று ஜோடி ஜோடியாக நிற்கும். அப்புறம் தளபதிகளும் அமைச்சர்களும். பெய்ஜிங்கில் இருப்பவற்றை விடச் சிறியவை. முகத்தை நெருங்கிப் பாருங்கள், கல்லில் பாசி படிந்து ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும்.

சிலைகளைத் தாண்டியதும் பாதை நேராகப் போகாமல் வளையத் தொடங்கும். இந்த இடத்தில் குனிந்து தரையைப் பாருங்கள். இதற்காகவே நான் இங்கே மறுபடியும் போவேன். நடுவில் கல்பலகைகள் ஒற்றை வரிசையாகப் பதித்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் முட்டை அளவுக் கூழாங்கற்கள், நெருக்கி நெருக்கி. விளிம்பில் மீண்டும் கல். நடுப்பலகை டிராகனின் முதுகெலும்பு, கூழாங்கல் அதன் செதில். அந்தப் பாதை முழுவதும் தரையில் படுத்துக் கிடக்கும் ஒரு டிராகன், நீங்கள் அதன் முதுகில் நடக்கிறீர்கள். மழை பெய்து ஓய்ந்த காலையில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் நனைந்து மினுங்கும். உண்மையிலேயே செதில் மாதிரிதான் இருக்கும். அப்போது வழுக்கவும் செய்யும், நடுப்பலகையிலேயே நடங்கள்.

பாதை முடியும் இடத்தில் ஒரு வட்டக் குளம். அதற்குப் பின்னால் வாசல். வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் பச்சையும் மஞ்சளுமாக மெருகு ஓட்டில் வார்த்த சித்திரங்களைப் பார்க்காமல் நகராதீர்கள். பூவும் கொடியும் ஒரு முகத்தில், டிராகன் இன்னொரு முகத்தில். ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது, நிறம் அப்படியே இருக்கிறது.

வாசலைத் தாண்டினால் பெரிய மண்டபம் இருந்த இடம். வெறும் மேடையும் தூண் நின்ற கல்லடிகளும்தான் மிச்சம். 1640-களில், மிங் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த கடைசி ஆண்டுகளில், லீ ஜிசெங்கின் கிளர்ச்சிப் படை கொளுத்திவிட்டது. அரச குலத்தின் மேல் இருந்த கோபத்தை அதன் முன்னோர் கல்லறையில் தீர்த்துக்கொண்டார்கள். பல பேர் இந்த இடத்தை நிமிஷத்தில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் அந்த மேடையில் ஏறி நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்.

கடைசியாக மேடு. மேடு என்று சொன்னாலும் இங்கே இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு மேடைப்பாலம். இரண்டையும் சுற்றி உயரமான மதில். ஒரே கல்லறையில் இரண்டு மேடுகள் இப்படி இணைந்திருப்பது வேறு எந்த மிங் கல்லறையிலும் இல்லை.

ஏன் இரண்டு? 1538-ல் ஜியாஜிங்கின் அம்மா இறந்தார். அப்பாவைத் தோண்டியெடுத்துப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய் அம்மாவோடு சேர்த்து வைப்பதா, அம்மாவை இங்கே கொண்டுவருவதா? முடிவெடுக்க முடியாமல் தவித்தவர், 1539-ல் தானே நேரில் கிளம்பி வந்தார். வழியில் தங்கிய இடத்தில் ராத்திரி தீப்பிடித்து, மெய்க்காவலர் லூ பிங் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துதான் உயிர் பிழைத்தார். அப்படியும் பயணத்தை நிறுத்தவில்லை. வந்து பார்த்து, பின்பக்கம் புதிய அறை கட்டச் சொல்லி, அம்மாவை இங்கேயே கொண்டுவந்தார். அரியணை ஏறிய பிறகு பிறந்த ஊரை அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மதில் மேல் ஏறிச் சுற்றி நடக்க முடிந்தால் நடங்கள். ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த மேடு, மறுபக்கம் நீங்கள் வந்த டிராகன் பாதை மொத்தமும் கீழே தெரியும்.

ஊருக்குள்

மறுநாள் காலை ஊரைச் சுற்றுங்கள். ஜியாஜிங் தாவோ மதத்தில் ஊறியவர். 1549-ல் தொடங்கி 1558 வரை அவர் கட்டுவித்த யுவான்யோ கோயில் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. குன்றின் மேல் வெள்ளையாக நிற்கும் வென்ஃபெங் கோபுரம் ஊரின் அடையாளம். மாலையில் மோச்சோ ஏரிக்கரைக்குப் போங்கள். மோச்சோ என்றால் கவலைப்படாதே என்று பொருள். பாடலில் தேர்ந்த ஒரு பெண்ணின் பெயர் அது, இந்த ஊர்ப் பெண் என்றுதான் இவர்கள் சொல்வார்கள். ஊருக்கு வடகிழக்கே ஹுவாங்ஷியான் குகை இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

சாப்பாடு

இந்த ஊரின் பெயர் சொல்லும் பண்டம் பான்லோங் சாய். பன்றி இறைச்சியையும் மீனையும் விழுதாக அரைத்து, முட்டை அடையில் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வில்லைகளாக நறுக்கி, தட்டில் சுருண்ட டிராகன்போல அடுக்கித் தருவார்கள். ஜியாஜிங்கோடு சேர்த்து ஒரு கதையும் சொல்வார்கள்: யாருக்கும் தெரியாமல் வேகமாகப் பெய்ஜிங் போகக் கைதிபோல வேஷம் போட்டாராம், கைதி தட்டில் கறி தெரியக் கூடாதே என்று சமையற்காரர் இப்படிச் செய்து கொடுத்தாராம். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சாப்பிடும்போது கேட்க நல்ல கதை. பார்த்தால் முட்டை ரோல் மாதிரிதான் இருக்கும் என்பதால், சைவக்காரர்கள் ஏமாந்துவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "வோ ச்சர் சூ" என்று சொல்லலாம், நான் சைவம் என்று அர்த்தம். அதோடு நிறுத்தாமல், கறி, மீன், முட்டை, கறிச்சாறு எதுவும் வேண்டாம் என்று எழுதிய சீன வாசகத்தைப் போனில் காட்டுங்கள். கறி போடாவிட்டாலும் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது சாதாரணம். சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜோங்ஷியாங்கைச் சேர்ந்த ஷிபாய் என்ற சிற்றூர் டோஃபுவுக்குப் பேர் போனது. அந்த ஊர்க்காரர்கள் சீனா முழுக்கப் போய் டோஃபுக் கடை போட்டிருக்கிறார்கள். இங்கே கிடைக்கும் டோஃபு அவ்வளவு மிருது.

அப்புறம் மிச்சா. அரிசியைச் சிவக்க வறுத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடிப்பார்கள். பெயர்தான் அரிசித் தேநீர். வாயில் வைத்தால் வறுத்த வாசனையோடு நம் நீராகாரம்தான். வெயிலில் நடந்துவிட்டு வந்து ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள்.

திரும்பும் வழியில்

வூஹானில் விமானம் ஏறும் முன் அரை நாள் மிச்சம் வையுங்கள். கிழக்கு ஏரிக்கரையில் ஹூபெய் மாகாண அருங்காட்சியகம். 2001-ல் ஜோங்ஷியாங் பக்கத்து வயல்வெளியில் லியாங் இளவரசரின் கல்லறையைத் தோண்டினார்கள். வரைபடக் கண்ணியில் சொன்னேனே, பெய்ஜிங் ஷியான்லிங்கில் இருக்கும் ஹோங்ஷி பேரரசர், அவருடைய மகன்தான் இந்த லியாங் இளவரசர். 1441-ல் இறந்தவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. பொன், ஜேடு, சிவப்புக்கல், நீலக்கல். அவற்றுக்கென்றே இங்கே தனிக் கூடம் இருக்கிறது.

அந்தக் கூடத்தில் ஒரு தங்கக் கட்டியைத் தேடுங்கள். கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடை. யோங்லே பேரரசர் ஆட்சியின் 17-ஆம் ஆண்டு, அதாவது 1419-ல், மேற்குக் கடல் நாடுகளில் வாங்கியது என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறது. மேற்குக் கடல் என்று சீனர்கள் அன்று சொன்னது நம் இந்தியப் பெருங்கடல் பக்கத்தைத்தான். தளபதி ஜெங் ஹேவின் கப்பல்கள் கொச்சி, கோழிக்கோடு, இலங்கை என்று வந்து போன காலம் அது. அதே ஜெங் ஹே இலங்கையின் காலி நகரில் நிறுத்திய, 1409 தேதியிட்ட கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்க்க வாய்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துக்கொண்டு ஜோங்ஷியாங்கிலிருந்து திரும்பும் ரயிலைப் போடுங்கள்.